அடைகாத்த பந்து

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை நடக்கிறது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனுக்குள், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட தடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுகிறார்கள். என் தம்பியின் பேத்தி ரம்யா அமெரிக்காவில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அந்த ஊர் ஃபுட்பாலையும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்குகிறேன்.

"இது ஃபுட்பாலா? காலால யாருமே தொடலியே," என்று கேட்டேன்.

"பேருதான் அப்படி, அத்தப்பாட்டி. கையில பிடிச்சோண்டு ஓடணும்."

பந்தும் பந்து மாதிரி இல்லை, வாத்து முட்டை மாதிரி இருக்கிறது. ஒரு கட்சிக்காரர்கள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து விழுகிறார்கள். எழுந்து மறுபடியும் இரண்டு எட்டு, மறுபடியும் விழுகை. மற்றக் கட்சியில் ஒருவன் நின்று நிதானித்து வானத்தில் வீசுகிறான். எங்கேயோ ஒருவன் ஓடிப்போய்ப் பிடிக்கிறான். பாதி நேரம் பிடிப்பதுமில்லை. ரம்யாவுக்கு அந்த முதல் கட்சியைக் கண்டாலே ஆகவில்லை.

"எந்தொரு போரிங்! பேடிச்சுப் பேடிச்சுக் களிக்கறாங்க. கையில வச்சோண்டே நேரத்தக் கொல்றாங்க. எறியணும் அத்தப்பாட்டி! எறிஞ்சாத்தானே ஒரு ரசம்?"

பயந்து பயந்து விளையாடுகிறார்களாம்; அவள் பேச்சில் மலையாளமும் கலந்துதான் வரும். எனக்குச் சிரிப்பு வந்து, பயற்றங்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிவிட்டேன். இந்தச் சண்டை அமெரிக்காவில் பிறந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் திருவனந்தபுரத்துக் கரமனையில், எங்கள் ஓட்டு வீட்டில், சோறு பரிமாறிக்கொண்டே பல வருஷம் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். மறுபக்கம் என் தம்பி முருகேசன். நடுவில் நான், கையில் குழம்புக் கரண்டியோடு.

என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகு மண்டியில் வேலை. அவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்குவதைப் பார்த்தால், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலிருக்கும். ஒரு மிளகு சிந்தாது. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் மிளகு வாசம் வரும், நான் தும்முவேன். நாங்கள் பேசிக்கொண்டதைவிட நான் தும்மியதுதான் அதிகம். அவ்வளவு கூச்சம் எனக்கு. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். எனக்கோ 'ஏங்க' என்று கூப்பிடவே நாக்கு எழாது. சோறு ஆகிவிட்டால் சட்டியில் கரண்டியால் டண் டண் என்று இரண்டு தட்டுத் தட்டுவேன். தெருக்கோடியில் நின்றாலும் வந்துவிடுவார். கோழிக்குஞ்சைக் கூப்பிடுகிற மாதிரி புருஷனைக் கூப்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைத்தெருவில் வேலை பார்த்த பையன்களைச் சேர்த்து அவர் ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தார். எல்லாரும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்தான் கேப்டன். மைதானத்துக்கு நடுவில் நிற்பார். மிளகு மூட்டையை இறக்குகிற மாதிரியேதான் பந்தையும் வைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுவார், அவன் திருப்பித் தட்டுவான், இவர் இன்னொருவனுக்குத் தட்டுவார். பந்து ஒருநாளும் முழங்காலுக்கு மேலே எழும்பாது.

என் தம்பி நேர் எதிர். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னோடுதான் இருந்தான். ஒரு லாட்ஜில் எடுபிடி வேலை, அதுவும் மாதத்தில் பாதி நாள்தான். அவன் எதையும் கையில் கொடுக்கமாட்டான். வாசலில் நின்றபடியே, "எக்கா, பிடி!" என்று எறிவான். சோப்பு, தீப்பெட்டி, எலுமிச்சம்பழம். ஒருதடவை கோழிமுட்டை. நான் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுவேன். முட்டையை நான் எதால் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.

"கண்ண மூடிட்டுக் கைய நீட்டினா பந்து வராது எக்கா, பிரசாதந்தான் வரும்," என்பான்.

அவன் குதிரை மாதிரி ஓடுவான். அதனால் டீமில் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் நடுவில் தட்டிக்கொண்டே இருக்கிற பந்து ஓரத்துக்கு எப்படி வரும்? இதுதான் சண்டை. சாப்பிடும்போது இலையில் பாடமே நடக்கும். உப்பு கோல், துவையல் எதிராளி, ஓரத்து அப்பளம் முருகேசன்.

"பந்து நம்ம காலுல இருக்கும்போது அவனுவ எப்படி மாப்ள கோல் அடிப்பானுவ? தூக்கி அடிச்சா, போறது நம்ம பந்து, வாறது அவன் பந்து," என்பார் இவர்.

"அப்ப நாம எப்ப அத்தான் கோல் அடிக்க?"

"அடிப்போம். அவசரம் என்ன?"

"நான் இங்க கிடக்கேன் பாருங்க, ஓரத்துல, தனியா. எனக்கு ஒண்ணு நீட்டி அடிச்சா என்ன?"

அவர் யோசித்துவிட்டு, அந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கித் தின்றுவிடுவார்.

நான் யார் கட்சி என்று இருவருமே கேட்டதில்லை. கேட்டாலும் வாயால் சொல்லத் தெரியாது. மீன் குழம்பில் நடுத்துண்டை யாருக்குப் போடுகிறேனோ, அவர் கட்சி. "இன்னைக்கு நடுத்துண்டு மாப்ளைக்கா? சரி, சரி," என்று இவர் வாலைச் சப்புவார்.

அந்த டீமைப் பார்க்க வருகிற மலையாளிகளுக்குப் பொறுமை போய்விடும். "எடோ, பந்தின்மேல அடயிரிக்குவாணோ?" என்று கத்துவார்கள். கோழியா நீங்கள், பந்தை அடைகாக்கிறீர்களா என்று அர்த்தம். சிலர் கொக்கரித்தும் காட்டுவார்கள். ஆனாலும் இவர் டீம் தோற்கவில்லை. அடைகாத்து அடைகாத்தே அந்த வருஷம் ஃபைனல் வரைக்கும் போய்விட்டது.

ஃபைனல் என்றதும் வீட்டில் வேறொரு பேச்சு வந்தது. அப்போதெல்லாம் பெரிய ஆபீஸ்களுக்கு ஃபுட்பால் டீம் உண்டு. நன்றாக ஆடுகிற பையனை ஆளனுப்பிப் பார்த்து, டீமுக்கு எடுத்து, வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். நிரந்தர வேலை. அப்படி ஒரு ஆபீசிலிருந்து ஒருவர் ஃபைனல் பார்க்க வருகிறார், ஓரத்தில் ஆட ஆள் தேடுகிறார் என்று சேதி வந்தது. அன்று முருகேசன் சண்டை போடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அத்தான், ஒரே ஒரு பந்து. அவரு என்னப் பாக்கணும்லா?"

"கப்பும் வேணும்லா மாப்ள," என்றார் இவர். குரலில் கோபம் இல்லை. கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற பையன்கள் கப்பு வாங்கி யார் பார்த்திருக்கிறார்கள்? அவருக்கு அது தலைப்பிள்ளை மாதிரி. எனக்கு முருகேசன் தலைப்பிள்ளை மாதிரி. அன்றைக்கு நடுத்துண்டை யாருக்கும் போடாமல் சட்டியிலேயே விட்டுவிட்டேன். பூனைக்குத்தான் லாபம்.

வாயால் எதுவும் செய்ய முடியாதவள் கையால் எதையாவது செய்யத்தானே பார்ப்பாள்? பெரிய மனுஷர் பார்க்க வருகிறார், நம் பையன்கள் கசங்கிய சட்டையோடு நிற்கலாமா என்று தோன்றியது. டீமின் வெள்ளைச் சட்டைகளை எல்லாம் வாங்கிக் கெட்டியாகக் கஞ்சி போட்டேன். நீலமும் போட்டேன். தேய்ப்புக்காரரிடம் கரிப்பெட்டி இரவல் வாங்கித் தேய்த்தேன். சட்டைகளைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், நிற்கும். கோயில் உற்சவத்துக்குப் போகிற வேட்டிக்குச் செய்வதை ஃபுட்பால் சட்டைக்குச் செய்த ஒரே ஆள் திருவனந்தபுரத்தில் நான்தான்.

"சட்டையா எக்கா இது, தகரமா?" என்றான் முருகேசன். போட்டுக்கொண்டு கையை ஆட்டினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

நான் மைதானத்துக்குப் போனதே கிடையாது. மைதானத்தின் ஒரு மூலையை ஒட்டி என் சிநேகிதி சாரதாச் சேச்சியின் வீடு. அதன் புழக்கடை மதிலுக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கிற கல். அதில் ஏறி நின்றால் ஆட்டம் தெரியும். நான் மதிலுக்குக் கீழே குனிந்து நின்று, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எடீ, ஒளிஞ்சு நின்னா எந்து காணும்? கல்லுமேல கேறு!" என்று சேச்சி என்னைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டாள். எட்டிப் பார்த்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் சரியாக முருகேசன் நிற்கிறான். இடுப்பில் கை. பந்து எங்கேயோ நடுவில் டொக் டொக் என்று தட்டுப்படுகிறது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரர் வாட்சைப் பார்க்கிறார்.

"எப்படில இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிக்கேன் எக்கா," என்றான்.

பாதி ஆட்டம் போனது. கோல் இல்லை. ஐப்பசி மழை திடீரென்று கொட்டியது. ஆபீஸ்காரர் குடையை விரித்துக்கொண்டார், எழுந்துபோகவில்லை. மைதானம் முழுக்கத் தண்ணீர். இவர் பக்கத்திலிருப்பவனுக்குத் தட்டுகிற பந்து பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்த ஒன்றை எதிராளி எடுத்துக்கொண்டுபோய்க் கோல் அடித்துவிட்டான். அப்புறமும் இவர் தட்டிக்கொண்டே இருந்தார். மனுஷருக்கு வேறு வழி தெரியாது. ஓரத்தில் முருகேசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"விளிக்கடீ! உன்ற பர்த்தாவல்லே!" என்று சேச்சி என்னை உலுக்கினாள்.

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. 'ஏங்க'வும் வரவில்லை. கூரைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த அலுமினியப் பானை பக்கத்தில் இருந்தது. தண்ணீரைக் கொட்டினேன், கையில் கிடைத்த அகப்பையால் இரண்டு தட்டு. டண், டண்.

எத்தனை சத்தத்துக்கு நடுவில் அது அவருக்குக் கேட்டது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். காலில் பந்தோடு நின்றவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். எனக்குக் கீழே கை தூக்கி நின்றவனைப் பார்த்தார். அடுத்த நொடி பந்து வானத்தில் இருந்தது.

முருகேசன் ஓடினான். பின்னால் வந்தவன் அவன் சட்டையை எட்டிப் பிடித்தான். பிடித்த கை வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கல். என் கஞ்சி மழையில் கரைந்து கொழகொழ என்று ஒழுகிக்கொண்டிருந்தது. கோலுக்கு முன்னால் தனியாக நின்று முருகேசன் அடித்தான் பாருங்கள் ஒரு அடி! பந்து கோலுக்கு மேலே போய், மதிலுக்கு மேலே போய், சாரதாச் சேச்சியின் கிணற்றில் தொப்பென்று விழுந்தது.

பிடிக்க முடியாதவன் ரெஃபரியிடம் ஓடினான். "சாரே, ஷர்ட்டில எண்ண தேச்சிட்டுண்டு!"

ரெஃபரி வந்து, முருகேசனின் சட்டையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். "எண்ணயல்லடோ. இது கஞ்ஞியாணல்லோ!"

மைதானமே சிரித்தது. நான் கல்லிலிருந்து இறங்கிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இருந்தது அந்த ஒரு பந்துதான். வாளி விட்டு எடுத்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய், ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். கப்பு போயிற்று.

அன்றைக்குச் சாப்பிடும்போது இவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பந்து நம்மகிட்ட இருந்தா தோக்கமாட்டோம்னு சொன்னேன். கிணத்துல கிடந்தா என்ன செய்யன்னு நான் யோசிக்கலியே மாப்ள."

"அத்தான், ஏன் நீட்டி அடிச்சீங்க?"

"உங்க அக்கா சட்டியத் தட்டினா. சோறு ஆயிட்டுன்னு திரும்பினேன். பாத்தா நீ பசிச்சவன் மாதிரி நின்னுட்டிருக்க."

குடைக்காரர் கோலைத் தேடி வரவில்லை, ஓட்டத்தைத் தேடித்தான் வந்திருந்தார். மறுநாளே மண்டிக்கு ஆள் அனுப்பி, "அந்தக் கஞ்சிச் சட்டைக்காரன் எங்கே?" என்று கேட்டாராம். முருகேசனுக்கு வேலை கிடைத்தது. கோழிக்கோட்டில். நான் அழுததைப் பார்த்து இவர், "நீட்டி அடிச்சா பந்து தூரமாத்தான் போகும், ஏளா," என்றார். அப்புறம் தம்பி விருந்தாளியாகத்தான் வந்தான். ஆனாலும் வாசலில் நின்று எதையாவது எறியாமல் உள்ளே நுழைந்ததில்லை. நான் சட்டியைத் தட்டும்போதெல்லாம் இவர், "யாருக்கு பாஸ் போடணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வருவார்.

இப்போது அந்த மைதானத்தில் மாடிக்குமேல் மாடியாக ஃபிளாட்டுகள். சேச்சியின் கிணற்றுக்குக் கான்கிரீட் மூடி. மிளகு வாசமும் வீட்டுக்குள் வருவதில்லை, நான் தும்முவதும் இல்லை. அவர் முதலில் போனார். தம்பி போன வருஷம் போனான்.

ரம்யாவுக்குப் பிடிக்காத அந்த அடைகாக்கிற கட்சிதான் கடைசியில் ஜெயித்தது. அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தாள்.

"அத்தப்பாட்டி, வேணுமா?"

"எறி," என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"அய்யோ, கண்ணுல பட்டா?" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்து வந்தாள். ஆரஞ்சை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பத்திரமாக மூடிவிட்டுப் போனாள்.