ஓரத்தில் வைத்த வெள்ளைக் கோடு

வங்கியில் நகைப் பொட்டலத்துக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலையையே மறந்துவிட்டேன். "பெரியவரே, கையெழுத்து!" என்று அந்தப் பெண் சத்தம் போட்டபோதுதான் திருப்பதியிலிருந்து திரும்பி வந்தேன்.

ஆமாம், இளவயதில் திருப்பதியில் மோதிரக் கல் அறுக்கும் கடையில் இருந்தேன். நகரியில் எங்களுடையது தறி வீடு. தறியில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்; நைனா அலுத்துப்போய்க் கல்லுக்கு அனுப்பினார். குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சக்கரத்தில் பிடித்து, மேல்பக்கம் குவிவாக வரும்வரை தேய்ப்போம். அதெல்லாம் கை வேலை. கண் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பலகையாக அறுத்த கல்லை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்போம். பிறகு வட்டம், முட்டை, மாங்காய் என்று ஓட்டை போட்ட தகரத் தட்டை அதன்மேல் நகர்த்தி, எந்த ஓட்டைக்குள் எந்தக் கோலம் அழகாக உட்காருகிறது என்று தேடுவோம். எனக்கு அதில் பைத்தியம். முதலாளி திட்டாத நாள் கிடையாது.

அப்போதுதான் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும் என்று அண்ணன் திருத்தணிக்கு, மாமனார் வீட்டுத் தறிக்கே, குடிபோக முடிவு செய்துவிட்டான். பக்கத்து ஊர்தான். ஆனாலும் போனால் வரமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. போகாதே என்று சொல்வதற்குப் பதில், மோதிரத்துக்குக் கல் அறுத்துத் தருகிறேன், வந்து உருவம் சொல் என்று கடைக்குக் கூப்பிட்டேன்.

தேன் நிறப் பலகை, அதில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. மாங்காயில் வைத்தோம், வட்டத்தில் வைத்தோம், முட்டை வடிவம் என்று முடிவாயிற்று. கோட்டை நடுவில் வைத்தேன். அண்ணன் தட்டைத் தள்ளினான்.

"ஓரமா வைடா. நடுவுல வெச்சா கிழிஞ்ச துணி மாரி கீது. கரைன்னா ஓரத்துலதான்."

"ண்ணா, இது சேலை இல்ல. வெள்ளி விளிம்பு ஏறி மூடிக்கும்."

"தறிய வுட்டு ஓடினவன் எனக்குக் கரை சொல்றியா?"

அண்ணனை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஓரமாகவே அறுத்தேன். வெள்ளி வேலைக்காரர் கல்லைப் பதித்து விளிம்பை மடக்கியதும் கோடு காணாமல் போயிற்று. அண்ணன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை, சத்தியமாக.

"சரி வுடு," என்றான் கடைசியில். "மிச்சப் பலகைய அறுக்காம வை. நான் வந்து நடுவுல வெச்சுக் காட்றேன்."

எனக்கு அது போதும். அதற்காகவாவது வருவான் அல்லவா? முதலாளியிடம் கெஞ்சி அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கல்யாணத்துக்கு வந்தான், கருமாதிக்கு வந்தான். சாப்பிட்ட கையோடு ரயிலுக்கு ஓடினான். நான் கல்லை நனைத்துக்கொண்டு வந்து நிற்பேன். "அடுத்த தபா பாத்துக்கலாம்டா, நேரம் போய்க்கினு கீது" என்பான். அண்ணி, "கல்லு எங்க போவுது தம்பி" என்று சிரிப்பாள். கல் எங்கேயும் போகவில்லை. ஒருநாள் அண்ணனின் கருமாதிக்கு நான் ரயிலேறினேன்.

கடையும் இப்போது இல்லை; அதன் தகரத் தட்டு ஒன்று மட்டும் என்னிடம் மிஞ்சியது. கோயில் தெருவில் விற்கிற மோதிரங்களில் எல்லாக் கல்லும் ஒரே அச்சு. வங்கியிலிருந்து வந்ததும் அலமாரியைக் குடைந்து அந்தத் துண்டை எடுத்தேன். நனைத்து, தகரத் தட்டை மேலே வைத்தேன். கோடு நடுவில் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. தள்ளிவிட அண்ணன் இல்லை. நானே தட்டை ஓரத்துக்குத் தள்ளினேன்.