ஐந்து மஞ்சள் துண்டுகள்

பழுதில்லாத கணினியால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அது ஒழுங்காக ஓடுகிற வாரங்களில் கனடாவிலிருக்கும் மகளும் நானும் பேசுவது இவ்வளவுதான்:

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"குளிசை போட்டீங்களோ?"

"ஓம்."

"சரியப்பா, வைக்கிறன்."

அச்சுப்பொறி இறுகிக்கொண்டால் மட்டும் முக்கால் மணித்தியாலம் பேசுவாள். பேச்சில் பாதி ஏச்சுத்தான். இருந்தாலும் முக்கால் மணித்தியாலம்.

ஆகவே, புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தவா என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பிக் கேட்டபோது நான் ஓம் என்றதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கு வயது ஐம்பத்தாறு. பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறேன். நெடுந்தீவில் தனியாக இருக்கிறேன். எங்கள் தீவில் ஒருவர் போய்விட்டார் என்றால் கனடாவா, பிரான்ஸா என்றுதான் கேட்பார்கள். என் மனைவியைப் பற்றி அப்படிக் கேட்க வழியில்லை.

கணினியை அமைத்துத் தந்தது மகள். மூன்று வருடங்களுக்கு முன், புறப்படுவதற்கு முதல்நாள், காசு கொடுக்கத் தேவையில்லாத ஓர் இயங்குதளத்தை அதில் ஏற்றி, திரைக்குள்ளேயே, காகிதம் ஒட்டினது போலத் தெரியும் ஐந்து மஞ்சள் குறிப்புத் துண்டுகளையும் வைத்துவிட்டுப் போனாள். "கட்டுரை எல்லாம் இங்கை. வேறை இடத்திலை வைக்காதேங்கோ." "என்னைக் கூப்பிட இதை அமத்துங்கோ." "திரையைக் காய்ஞ்ச துணியாலை துடையுங்கோ." "பிரஷர் குளிசை!" ஐந்தாவதில், "இதைத் தொட வேண்டாம்." எதை என்று அதில் இல்லை, அம்புக்குறியும் இல்லை. பாதுகாப்புக்காக அந்தத் துண்டு இருந்த பக்கத்துக்கு நான் சுட்டியைக் கொண்டுபோவதே இல்லை.

மேம்படுத்தல் பாதி ஓடியிருக்கும். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, பின்னேர வள்ளம் ஓடாதாம், காத்தாம்! போறதெண்டால் இப்பவே ஓடுங்கோ!"

பிரஷர் குளிசை முடிந்து இரண்டு நாளாயிற்று. யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டும். சட்டையை மாட்டினேன், காஸைப் பூட்டினேன், மெயின் சுவிச்சை நிறுத்தினேன், படலையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

மெயினை நிறுத்தாமல் தீவை விட்டுப் போகிறவரை இங்கே காணமுடியாது. வள்ளம் வெளிக்கிட்டால் மறந்ததற்காகத் திரும்பி வர ஏலாது. கடல் நினைத்தால் இரண்டு நாளைக்கும் மறுகரையில் நிற்க வைக்கும். அதனால் அந்தச் சுவிச்சை நிறுத்துவது மூளை அல்ல, கை. என் கை அன்றும் தன் கடமையைச் செய்தது. கணினியும் அதோடு நின்றிருக்கும் என்று மூளைக்கு விளங்கியபோது வள்ளம் நடுக்கடலில் இருந்தது. பக்கத்திலிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தி வருகிறதா என்று கேட்டு ஒரு பையை நீட்டினார்.

மறுநாள் பின்னேரம் வந்து மெயினைப் போட்டேன். திரை கறுப்பு. மேலே வெள்ளை எழுத்தில் ஒரு வரி, என் பெயரைக் கேட்டது. இந்த வீட்டில் யாரும் என்னிடம் ஏதாவது கேட்டுக் கனநாள் என்பதால் ஒரு கணம் மகிழ்ந்தேன். பெயரைச் சொன்னேன், கடவுச்சொல்லையும் சொன்னேன். அதற்குமேல் அதற்கு என்னிடம் பேச்சு இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் மகளுக்கு எடுத்தேன். அங்கே காலை.

"என்ன செய்தனீங்கள்?"

"மேம்படுத்தினனான்."

"இடையிலை நிப்பாட்டினீங்களோ?"

"அதை நிப்பாட்டேல்லை. மெயினைத்தான் நிப்பாட்டினனான்."

"அப்பா, அது குசினி லைட் இல்லை."

பாதியில் விட்டதை முடி என்று கணினிக்குச் சொல்லும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அடித்தேன். வரிகள் ஓடின. மீண்டும் இயக்கினால், கறுப்புத் திரை நடுவில் ஒரு வெள்ளை அம்பு. அசைத்தால் அசைந்தது. அவ்வளவுதான்.

"பழைய செட்டிங்ஸ்தான் குழப்புது. அந்த ஃபோல்டரை அப்பிடியே அழியுங்கோ. எல்லாம் புதுசாய் வரும்."

"அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. ஐகன் எங்கை இருக்கிறது, என்ன படம், அந்த மஞ்சள் துண்டுகள். குப்பையப்பா."

எழுத்துத் திரைக்குத் திரும்பி, குப்பை எவ்வளவு என்று எண்ணவும் திறந்து பார்க்கவும் வழி கேட்டேன். சலித்துக்கொண்டே சொன்னாள். துண்டுக்கு ஒரு கோப்பு. ஆறு இருந்தன. திரும்ப எண்ணினேன், ஆறுதான். ஒன்றைத் திறந்தேன். கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்கெல்லாம் சின்னச் சின்னச் சதுரம் போட்டு வைத்திருந்தது.

"அழிச்சிட்டீங்களோ? எனக்கு பஸ் வருது."

"ஓம், அழிச்சிட்டன்."

பொய். கோப்புறைக்கு வேறு பெயர் வைத்தேன். கட்டுரைகளுக்குத் தலைப்பு மாற்றி மாற்றிப் பழகியதில், அவள் உதவியில்லாமல் எனக்குச் செய்யத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

மீண்டும் இயக்கியதும் மேசைத்திரை வந்தது. நீலமாக, துடைத்து வைத்த மாதிரி, விடுதி அறை போல யாருடையதும் இல்லாமல். ஐந்து துண்டுகளில் ஒன்றும் இல்லை. பழைய கோப்புறையைத் தேடித் திறந்தேன். இப்போது எழுத்துகள் வாசிக்கத் தெரிந்தன. ஐந்தும் எனக்குப் பாடம். ஆறாவது, "இதைத் தொட வேண்டாம்" துண்டுக்குக் கீழே மூன்று வருடம் மறைந்து கிடந்திருக்கவேண்டும். தொட வேண்டாம் என்றால் தொடாத மனிதன் நான்.

"அப்பா, மேம்படுத்தவோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லாதேங்கோ. முதலிலை எனக்கு எடுங்கோ. சும்மாவும் எடுக்கலாம்."

அந்த வரியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பிறகு அவளுக்கு எடுத்தேன்.

"என்னப்பா, திரும்பவும் கறுப்போ?" பின்னால் பஸ் இரைந்தது.

"இல்லை. வந்திட்டுது."

"அப்ப என்ன பழுது?"

"ஒரு பழுதும் இல்லை."

"கறண்ட் நிண்டிட்டுதோ?"

"இருக்கு."

"குளிசை?"

"வாங்கியாச்சு."

வைக்கிறன் என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பஸ் எங்கோ நின்று ஆட்களை இறக்கிப் புறப்பட்டது.

"காத்து விழுந்திட்டுது," என்றேன். "நாளைக்குப் பின்னேர வள்ளமும் ஓடும்."

"ம்," என்றாள். "பிறகு?"