உறை மோர்

லோத்குண்டாவில் அந்தச் சந்தின் வாயை மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு வீட்டில் கொரோனா. பால் பாக்கெட்டைப் போலீஸ்காரரே மூங்கிலுக்கு மேல் நீட்டினார். பாமா வாசற்படி தாண்டுவதில்லை. ஆஸ்துமாக்காரரான கணவர் துரைராஜுக்கு அது ஒட்டினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஆனால் தயிர் தீர்ந்துபோய், உறை ஊற்றக்கூட மிச்சமில்லை. பின்சுவருக்கு அப்பால், அடைப்புக்கு வெளியே, விசாலியின் வீடு. உறை மோர் கேட்பதை யாராவது ஊர் சுற்றுவதாக நினைப்பார்களா? சுவருக்கு மேல் கிண்ணம் கைமாறியது. முகத்துக்கு முகம் நின்று இருவரும் ஆசைதீரப் பேசினார்கள்.

இன்று விசாலி போனில் அழுதாள். "எனக்கு வாசனையே தெரியலக்கா. டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துருச்சு."

பாமா போனை வைத்தாள். உள்ளேயிருந்து துரைராஜ் இருமிக்கொண்டே வந்தார். எப்போதும் வரும் இருமல்தானா?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கிட்ட வராதீங்க!"

"கைக்கு? ஏன் வரக் கூடாதாம்? கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நக்கோங்க, வேணாம், விளையாடாதீங்க. விசாலிக்கு வந்துருச்சு. அன்னைக்கு உறை மோர் வாங்கறப்ப சுவத்துல சாஞ்சு அவகிட்ட பேசிட்டிருந்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. "தயிர் நல்லாத்தான் தோஞ்சிருந்துச்சு" என்றார் மெதுவாக. மறுபடியும் இருமினார்.

வெளியில் சொன்னால் அவரைத் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால், மூச்சு முட்டும்போது யாரைக் கூப்பிடுவது? பாமா முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு மூங்கிலருகே போனாள்.

"சார், எங்க வீட்டுக்கும் டெஸ்ட் எடுக்கறவங்கள வரச் சொல்லுங்க."

பால் நீட்டிய அதே போலீஸ்காரர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.