நட்டவன் பச்சை பிடித்த கதை

முதலில் வலித்தது கெண்டைக்கால். பிறகு காய்ச்சல். கண் சிவந்தது, பின் மஞ்சளித்தது. காமாலை என்று என் மனைவி காமாட்சி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். சிறுநீர் சுருங்கி ஏறக்குறைய நின்றபோதுதான் பயம் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்தவர் டாக்டர் மலர்விழி. எங்கள் ஊர், கூலிக்காரர் தெருவிலிருந்து டாக்டரான முதல் ஆள். அம்மா நடவு நட, வரப்போரத் தூளியில் தூங்கி வளர்ந்தவர். அவர் அப்பா வீரப்பன்தான் இந்தப் போகத்தில் கூலி உயர்வு கேட்டு, நடவை நிறுத்தி, என் வயலில் கொடி நட்டவர். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கெண்டைக்காலும் வேலைநிறுத்தத்தில் இருந்தது.

டாக்டர் அதை அழுத்தினார். என் கூச்சலில் வார்டே திரும்பியது.

"வயல் தண்ணியில எறங்குனீங்களா?"

"இவரா? வரப்புல நடக்கவே இவருக்குச் செருப்பு வேணும்," என்றாள் காமாட்சி.

"இல்லைம்மா," என்றேன் நானும்.

"எங்கப்பா வேற மாதிரில்ல சொன்னாரு! 'நீங்க நடலேன்னா நானே நடுறேன்'னு வேட்டிய மடிச்சுக் கட்டி எறங்கி, சேத்துல விழுந்தீங்களாமே. சொல்லிச் சிரிச்சு அவருக்குப் பொரையேறிடுச்சு. கால்ல காயம் இருந்துச்சா?"

காமாட்சி என்னைப் பார்த்தாள். "பஸ்ஸு சேத்த அடிச்சுடுச்சுன்னீங்களே, அந்த வேட்டியா?"

வெடித்த குதிகாலை டாக்டரிடம் நீட்டினேன்.

எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயம் வழியே நுழையும் கிருமி, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்). பென்சிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள். சிறுநீர் இறங்கினால் பிழைப்பேன் என்றார் டாக்டர். காத்திருந்தோம். ஒரு விடியலில் இறங்கியது. மேட்டூர்த் தண்ணீர் வந்தபோதுகூட எங்கள் ஊரில் யாரும் அப்படி மகிழ்ந்ததில்லை.

உங்களுக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், சேற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போன மானம் திரும்பி வரும். சிறுநீரகத்தை அப்படி நம்ப முடியாது.

வீரப்பன் பார்க்க வந்தார். அதற்குள் கூலித் தகராறு பேசித் தீர்ந்திருந்தது.

"நடவு முடிஞ்சுதுங்க. நீங்க நட்டது மட்டும் மெதந்துபோச்சு. அதையும் எடுத்து நட்டுட்டோம்."

சிரித்தால் விலா வலித்தது. சிரித்தேன்.

நட்ட பயிர் வேர் பிடிக்கும்வரை மஞ்சளாகத்தான் நிற்கும். வீடு திரும்பிய நானும் அப்படித்தான் நின்றேன். இப்போதெல்லாம் கண்ணாடியில் கண் வெள்ளையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது. என் நாற்று மிதந்தது. நான் பச்சை பிடித்துவிட்டேன்.