என் மகளின் குரலுக்காக நேர்ந்துகொண்டேன்

போன வருஷம் மழைக்காலத்தில் என் மகள் கோமதிக்குக் குரல் போய்விட்டது. இந்தப் பெங்காலி ஊரில், பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். வருஷக்கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டைக்குள் கொப்புளம் மாதிரி வந்திருக்கிறது என்றார் டாக்டர். குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாதாம். குரல் பழையபடி வருமா என்றதற்கு, பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பேச முடியாத டீச்சர் எப்படிப் பாஷை நடத்துவாள், பூஜை லீவுக்குப் பிறகு வேறு ஆள் பார்க்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கோமதி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு டியூஷன் வரும் பிள்ளைகளுக்காக மட்டும் எழுந்திருப்பாள். அவள் அப்பா போனபிறகு எங்கள் இருவருக்கும் அந்த வேலைதான் கதி.

டாலிகஞ்ச் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். அவளுக்குப் பேச்சைக் கொடு, என் பேச்சை எடுத்துக்கொள் என்று மௌன விரதம் ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் கையைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தோம். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அவள் அழுதாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வி மேலே வந்தாள்.

“என்ன ஆச்சி, அம்மாவும் மகளும் டூ விட்டிருக்கீங்களா?”

நான் வாயில் விரலை வைத்து, முருகன் படத்தைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“விரதமா? நீங்க என்னைக்கு ஆச்சி வாயத் திறந்தீங்க? கருவேப்பிலை கேக்கவே கைய காட்டுற ஆளு. நீங்க பேசாம இருக்கீங்கன்னு முருகனுக்கு எப்படித் தெரியும்?”

அன்று முழுக்க அது மனதைப் பிறாண்டியது. எனக்குக் கஷ்டமே இல்லாத ஒன்றையா அவனுக்குக் கொடுத்தேன்? அப்படியானால் அவன் கேட்பது பேச்சையா? ஆளைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பெங்காலியும் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான்.

விரதத்தை விட்டேன். மகளுக்காக நானே பேசிப் பார்ப்போம் என்று கோமதியோடு ஆட்டோ ஏறிப் பள்ளிக்கூடம் போனேன். வழியெல்லாம் முருகா முருகா என்றுதான். பெரிய டீச்சரைப் பார்த்ததும் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அக்கா முறை வைத்து, பாதி பெங்காலி பாதி தமிழில் வாயில் வந்தது இதுதான்:

“தீதி, முன்னாடி வீட்டுக்கு டியூஷன் வர்ற பிள்ளைங்க வாயே தொறக்காது, இவ சத்தம்தான் கேக்கும். இப்ப இவ கத்தரிக்காயத் தூக்கிக் காட்டுறா, அதுங்கதான் பேசுதுங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்க.”

ஏன் அதைச் சொன்னேன்? தெரியாது.

அவர் வகுப்புக்கு வந்தார். என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். கோமதி குடையைத் தூக்கிக் காட்டினாள். நனைந்தவள்போல் நடுங்கினாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அந்தப் பாஷையில் சொல்லின. ஒன்று தப்பாகச் சொன்னால் அவள் தலையை ஆட்டுவாள், இன்னொன்று திருத்தும். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

வெளியே வந்து பெரிய டீச்சர் என்னைச் சித்தி முறை வைத்துப் பெங்காலியில் சொன்னார்: “மாஷிமா, என் டீச்சர்கள் எல்லாருக்கும் கொஞ்சநாள் வாயைக் கட்டிவிடணும் போல. இவளே இருக்கட்டும்.”

பூஜை லீவில் ஒரு காலை, அடுக்களையில் என் முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம்.

“யம்மா, சாம்பார்ல உப்பே இல்ல.”

கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முழுக் குரல் இன்னும் வரவில்லை. நான் கேட்டது குரல். முதலில் நிலைத்தது வேலை. பிறகு வந்தது பாதிக் குரல். விரதம் இருந்ததற்குப் பலனா, அதை விட்டதற்குப் பலனா? யோசித்தால் தலை சுற்றுகிறது. மருந்து என்கிறார் டாக்டர். என் வாய்தான் காரணம் என்கிறாள் செல்வி. நான் முருகன் என்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை பஜனையில் நானும் வாய்திறந்து பாடுகிறேன். சுருதி சேராது. செல்வி திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவனிடம் சொல்லுங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம். நான் தப்பாகத்தான் கேட்டேன். அதுவும் அவன் காதில் விழுந்தது.