டோக்கனக்கா தண்ணீரில் இறங்கினாள்

ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டி படுக்கைகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் அறையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் அவள். போர்ட்டர்களுக்கு டோக்கனக்கா. ஊரார் மூட்டையைக் காத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே உத்தியோகம்தான். கல்யாணம், ஆஸ்பத்திரி, துணிக்கடை, எங்கே போனாலும் "இதைக் கொஞ்சம் பாத்துக்க" என்று அவள் மடியில் எதையாவது போட்டுவிட்டுக் குடும்பம் கலைந்துவிடும். இதற்குச் சம்பளமும் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது.

இப்படிப்பட்டவள் நீச்சல் கற்றுக்கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நகராட்சிக் குளத்தில் வியாழக்கிழமை மாலை பெண்களுக்கு வகுப்பு. வேலை முடிந்து நேரே அங்கே போவாள். முதல் மாதம் அவள் குடித்த தண்ணீரில் குளமே கொஞ்சம் வற்றியிருக்கும். பிறகு உடம்பு மிதக்கக் கற்றது, கைகால் ஒன்றுக்கொன்று சமாதானமாயின.

வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைவாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பார். மகள் சார்ஜரைத் தேடிக்கொண்டிருப்பாள். தலை ஏன் நனைந்திருக்கிறது என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்து அலுத்துப்போனவள், வாயால் சொல்வானேன், கண்ணால் பார்க்கட்டும் என்று முடிவுகட்டினாள். டால்பின் பார்த்துவிட்டுத் தீவில் குளிக்கும் படகுச் சவாரி என்ற பேச்சைக் கிளப்பியதே அவள்தான்.

படகில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்கள். கணவரின் தங்கை கைப்பையை நீட்டினாள். "அண்ணி, கொஞ்சம் வச்சுக்கோங்க, போட்டோ எடுக்கணும்." மகள் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் தள்ளினாள். கணவர் தண்ணீர் பாட்டில், தொப்பி, மூக்குக்கண்ணாடி என்று வரிசையாக இறக்குமதி செய்தார். படகுக்காரர் "அதோ, அதோ!" என்று கத்தியபோது எல்லோரும் ஒரே பக்கம் பாய, படகு சாய்ந்து தொப்பி உருண்டது. அவள் குனிந்து தொப்பியைப் பிடித்து நிமிர்வதற்குள் டால்பின் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

"பாத்தியா? என்னா துள்ளு!" என்றார் கணவர்.

"தொப்பியைப் பாத்தேன்" என்றாள். அவர் காதில் அது ஏறவே இல்லை.

தீவில் இறங்கியதும் அவள் தொண்டையைச் செருமினாள். "இன்னிக்கு நான் ஒண்ணு..." அவ்வளவுதான் முடிந்தது. துண்டுகள், பைகள், போன்கள் எல்லாம் மணலில் அவளைச் சுற்றி வந்து விழ, மூவரும் தண்ணீருக்கு ஓடினார்கள். இடுப்பளவு ஆழத்தில் நின்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கும்மாளம் போட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே சுடிதாருக்குள் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சுடிதாரை அவிழ்த்துச் சுருட்டிப் பைகளின் மேல் வீசினாள். மனம் ஒரு கணம் 'யார் பார்த்துக்கொள்வது?' என்று பழக்க தோஷத்தில் கேட்டது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று பாறைப் பக்கமாக இறங்கினாள்.

கடல் குளத்தைப் போல இல்லை. தூக்கியது, இறக்கியது, உதடு கரித்தது. ஆனாலும் கை எட்டிப் போட, கால் உதைக்க, அவள் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை எரிச்சலும் கழன்று, சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கரையில் அலறல் கேட்டது. அடுத்த நிமிடம் படகுக்காரர் ரப்பர் வளையத்தோடு பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்தார்.

"விடுங்க! நான் நீந்திக்கிட்டு இருக்கேன்!"

"பயப்படாதீங்கம்மா. முழுகுறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

திமிறத் திமிற இழுத்துவந்து மணலில் போட்டார். கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பாவம், நிஜமான அழுகை. அவளுக்கே மனசு இளகியது. இளகி முடிப்பதற்குள் அவர் விக்கிக்கொண்டே சொன்னார்:

"பையெல்லாம் அப்படியே கெடந்துச்சு. நீ பையை விட்டுட்டு எங்கயும் போகமாட்டியே! அப்போ தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சுன்னுதானே நெனைப்போம்?"

"ஆமா அண்ணி, நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்" என்றாள் தங்கை.

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உயிருள்ள மனுஷி கண் முன்னால் நீந்தியிருக்கிறாள். இவர்கள் பையைப் பார்த்துத் துப்புத் துலக்கியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னை யாரும் இழுக்கல. நானா போனேன். எனக்கு நீச்சல் தெரியும்."

"அம்மா, உனக்கா?" என்றாள் மகள்.

அவள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். குறுக்கே வந்த படகுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் ஒதுங்கிக்கொண்டார். மறுபடியும் இறங்கி, இந்த முறை அவர்கள் மூக்குக்கு நேராகவே நீந்தினாள். பாறையைத் தொட்டுத் திரும்பி வரும்போது கணவர் முழங்கால் தண்ணீரில் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தார்.

"எப்போ கத்துக்கிட்டே? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

எத்தனை வியாழக்கிழமை இந்தக் கேள்விக்காக வாசற்படியில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். இப்போது நின்று சொன்னால் மூச்சு வாங்கும். அவள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுபடியும் பாறையைப் பார்த்து நீந்தினாள்.