வைகாசியில் எடுத்த மயில் படம்

கண்மாய்க் கரையில் அன்று காலை இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. அவளுடைய தம்பி. கேமராவுக்குச் சொந்தக்காரரான பாய். கூப்பிடாமலே பின்னால் வந்த தெருநாய்.

பாய்க்கு டவுனில் பாத்திரக்கடை. கேமராவை இரவல் தந்தார். ஆனால் அது போகிற இடத்துக்கெல்லாம் தானும் வருவேன் என்றார். வந்தார். கேமரா வாரை மச்சினன் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒரு நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். பார்க்க மாட்டைப் பிடித்துப் போகிற மாதிரி இருந்தது.

மச்சினன் எங்களோடு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவன். மருந்து கலக்கும் அறை. போன வருஷம் அந்த அறையில் தீப்பிடித்தது. இவன் பிழைத்தான். இடது கையில் பாதித் தோல் போயிற்று. கை ஆறியதும் இனி கம்பெனி வேண்டாம் என்றான். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற ஒருவரோடு சுற்றிப் படம் எடுக்கப் பழகினான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் அவனிடம் ஒன்று சொல்லியிருந்தார்கள். முருகன் படத்துக்குப் பின்னால் வைக்க, தோகை விரித்த நிஜ மயில் வேண்டும். நன்றாக எடுத்து வந்தால் வேலையில் வைத்துக்கொள்கிறோம். ஆடிப் பதினெட்டில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அதனால் வைகாசி முடியுமுன் படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மறுபடி மருந்து அறைதான். சும்மா உட்கார்ந்து சாப்பிட எங்கள் வீட்டில் வசதி இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

மயில் எங்கள் பக்கம் காக்கா மாதிரி. கடலைக் காட்டைக் கிளறித் தின்னும். விரட்டினால் வேலியில் ஏறி உட்கார்ந்து நம்மையே திட்டும். வேண்டும் என்று தேடிப் போனால்தான் ஒன்றையும் காணோம். இரண்டு ஞாயிறு வீணாய்ப் போயிருந்தது. வைகாசியில் மிஞ்சியது இந்த ஞாயிறுதான்.

அன்றும் தெரு முனையைத் தாண்ட எங்களுக்கு அரைமணி ஆனது. மச்சினன் எதைப் பார்த்தாலும் குனிந்தான். குப்பைமேட்டில் கீரி. கரண்டு கம்பியில் கரிச்சான். செம்போத்து ஒன்று கருவேல முள்ளுக்குள் போனது. அது வெளியே வரும் என்று நின்றோம். அது வரவே இல்லை. வாரத்தில் ஒரு நாள்தான் எனக்கு லீவு. அதில் நான் செம்போத்துக்குக் காவல் நின்றேன்.

ஓணானை மட்டும் நாலு படம் எடுத்தான்.

"ஏலே, காலண்டர்ல ஓணானையா போடப் போறாக?" என்றாள் அக்காக்காரி.

"வெளிச்சம் பாக்கேன்க்கா."

பாய் ஒவ்வொரு படத்துக்கும் உச்சுக்கொட்டினார். ஃபிலிம் தீர்கிறதாம். பேட்டரியும் தீரும் என்று, எடுத்து முடித்த உடனே கேமராவை வாங்கி மூடி வைத்தார். கேட்டால் திறந்து கொடுத்தார். அதற்குள் குருவி அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

கரையில் ஏறினால் ஆக்காட்டி. ஆள் வருவதை ஊருக்குச் சொல்வதுதான் அந்தக் குருவிக்கு வேலை. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நாய் அதை விரட்டியது. நாயைப் பாய் விரட்டினார்.  

மேற்கே ஏறிய மேகம் வானத்தை மூடி வெயில் மறைந்தது. அப்போதுதான் மயில் சத்தம் கேட்டது. வற்றிய கண்மாய்க்குள், கருவேல மரத்தடியில் ஆண் ஒன்று, பெட்டை ஒன்று. பெட்டை மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. ஆண் தோகையை விரித்தது. முழுசாக விரித்தது. பாய் கேமராவைத் திறந்து கொடுத்து, வாரையும் விட்டுவிட்டார். நாங்கள் மச்சினனுக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தோம். அவன் எடுத்தான்.

பளீர் என்று வெள்ளை வெளிச்சம்.

எங்கள் வேலையில் அப்படி வெளிச்சம் தெரிந்தால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது. கதவுப் பக்கம் ஓட வேண்டும். கதவு இல்லையென்றால் குப்புற விழ வேண்டும். நான் விழுந்தேன். கரம்பை மண் வாய்க்குள் போனது. வீட்டுக்காரி "ஓடுலே" என்று தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் விரல் பொத்தானிலேயே இருந்தது; கேமரா எடுத்துக்கொண்டே போனது. மடை வரைக்கும் இழுத்துப் போய்விட்டாள்.

பாய் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "என்ன அண்ணாச்சி, ஏன் விழுந்தடிச்சு ஓடுறீக? ஃபிளாஷ்தான அது."

ஃபிளாஷ்தான். வீட்டிலேயே அதை நிறுத்தி வைத்திருந்தான் மச்சினன். அந்தக் கேமராவை மூடித் திறந்தால் அது மறுபடி வேலைக்கு வந்துவிடுமாம். வெயில் இருந்த வரைக்கும் எரியவில்லை. மேகம் மூடியதும் தானாக எரிந்தது. பேட்டரியை மிச்சம் பிடித்த லட்சணம்.

மயில் ஓடவில்லை. எங்கள் ஊர் மயில் வெடிச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் பழகியது. அது பாட்டுக்கு ஆடியது. முழுசாகப் பார்த்தவர் பாய் ஒருவர்தான். அவர் கையில் கேமரா இல்லை.

மடையில் மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான். "எக்கா, சட்டைய விடுக்கா. படம் எடுத்ததே நாந்தான்."

"தெரியும்லே," என்றாள். விடவில்லை.

போன வருஷம் தீப்பிடித்தபோது அவள் பேக்கிங் ஷெட்டில் இருந்தாள். அது தள்ளி இருக்கும். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். அதற்குள் மயில் தோகையை மடக்கிக்கொண்டு முள்ளுக்குள் போய்விட்டது. உச்சி வெயில் வரை காத்திருந்தோம். வரவில்லை.

ஃபிலிமைச் சாத்தூரில் கொடுத்துக் கழுவினோம். சட்டையை இழுத்த இழுப்பில் கேமரா ஆடி, மயில் இருக்க வேண்டிய படத்தில் பச்சையாக ஒரு புகை. மற்றதில் முள், வானம், என் வீட்டுக்காரியின் சேலைத் தலைப்பு. அச்சகத்தில் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். மயிலை ஆள் வைத்து வரைந்துகொள்கிறார்களாம். ஓணான் நன்றாக விழுந்திருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மச்சினன் கம்பெனி மேஸ்திரியைப் போய்ப் பார்த்தான். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பழைய அறையே. 

திங்கட்கிழமை வேன் வருமுன் அவள் சோறு கட்டி வாசலில் வைத்தாள். அன்றிலிருந்து தூக்குச்சட்டி மூன்று.